அறைக்குள் நடந்த தூரம்

அத்தியாயம் பதினேழு

போன வாரம், ஏறி நின்று நடக்கிற அந்த மெசினை மருமகன் றிஸ்வானும் அடுத்த வீட்டு ஆண்களுமாகச் சேர்ந்து, மூச்சு வாங்கத் தூக்கிவந்து மர்ஷூதாவின் அறைக்குள் வைத்துவிட்டுப் போனார்கள். மர்ஷூதா அந்த நேரம் குசினிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். புருசனை இழந்து இத்தாவில் இருப்பவள் அந்நிய ஆண்கள் முன் வரக்கூடாதல்லவா? அவர்கள் போனபின் வந்து பார்த்தால், கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் இருந்த இடத்தையெல்லாம் மெசின் பிடித்துக்கொண்டிருந்தது. தொழுகைப் பாய் விரிக்க மட்டும் ஒரு ஓரம் மிஞ்சியது.

அதற்குப் பிறகு கதைக்குள் சில வாரங்கள் ஓடிவிட்டன. பத்திரிகையில் ஒரு கிழமைதான். கதை எழுதுகிறவருக்கு இருக்கும் ஒரே வசதி அது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது மர்ஷூதாவுக்கு. ஒரு தடிமன்கூட வராமல் இருந்தவர் அவள் கணவர் ஜெமீல். ஆனால் ஒரு நாள் பின்னேரம், அசர் தொழுகை நேரம், அக்கரைப்பற்றில் தன் நெல்லுக் கடைக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியவர் எழும்பவே இல்லை. அன்றிலிருந்து மர்ஷூதா வீட்டைவிட்டு வெளியேறாமல் இத்தாவில் இருக்கிறாள். நாலு மாதமும் பத்து நாளும் என்கிற அந்தக் கணக்கில் பாதி கழிந்துவிட்டது. முன்வீட்டை மகள் அப்னாவுக்குச் சீதனமாகக் கொடுத்த நாளிலிருந்து, பின்பக்கத்து அறைதான் மர்ஷூதாவினுடையது. இப்போது அவளுடைய உலகமும் அந்த அறைதான்.

அன்று விடியற்காலையில் சுபஹுத் தொழுகை முடிந்ததும் அவள் கட்டிலின் ஓரத்தில் இருந்து, வலது காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள்.

பெருவிரலுக்கு அடுத்த விரல். முதலில் அடிப்பக்கமாக ஒரு கொப்புளம்தான் வந்தது. பிறகு அது உடைந்தது. இப்போது விரலே கறுத்துக்கொண்டு வந்தது. டெட்டோல் தண்ணீரில் தொட்டுத் துடைத்தாள். வலி இல்லை. வலித்திருந்தால் என்றைக்கோ கத்தி ஊரைக் கூட்டியிருப்பாள். பாதம் மரத்துப்போய் வருசக் கணக்காகிவிட்டது. கடற்கரை வீதியில் செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்துகொண்டே இருப்பாள். ஜெமீல்தான் திரும்பிப் போய் எடுத்துவருவார். வீடு வந்து சேரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிக் கேலியும் செய்வார்.

இதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி என்பார்கள். வாகனம் வரும். இத்தா நடுவில் நிற்க, வாசல்படி தாண்டி, ஆம்பிளை டொக்டர்மாரிடம் காலை நீட்ட வேண்டும். ஜெமீலைக் குளிப்பாட்டியவர்கள் வேறு ஆட்கள். கபன் துணி இட்டவர்களும் தூக்கிப் போனவர்களும் வேறு ஆட்கள். அவருக்கென்று மர்ஷூதா செய்யக்கூடியதாக மிஞ்சியது இந்த இருப்பு ஒன்றுதான். அதையாவது குறையில்லாமல் இருந்து முடிக்க வேண்டும் என்று அவள் மனதுக்குள் முடிவெடுத்திருந்தாள்.

துணியைத் திரும்பச் சுற்றினாள். எழும்பி மெசினில் ஏறினாள். வெறுங்காலோடுதான்.

சப்பாத்து இல்லாமலில்லை. நடப்பதற்கென்று ஜெமீல் வாங்கிக் கொடுத்த நல்ல சப்பாத்து வெளியே சப்பாத்துத் தட்டில் இருக்கிறது, அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில். ஆனால் வீட்டுக்குள் ஆராவது சப்பாத்துப் போட்டு நடப்பார்களா? அதுவும் தொழுகிற அறைக்குள்? நம்மூரில் மூளை கலங்கியவன்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவான். மெசினைத் தூக்கிவந்தவர்களுக்கும், அதை ஓட்டிக் காட்டிய அப்னாவுக்கும், ஏறி நடந்தவளுக்கும் அது ஒரு யோசனையாகவே வரவில்லை.

மெசின் கரகரவென்று ஓடத் தொடங்கியது. மர்ஷூதா கைபிடியைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடினாள்.

கால் மணித்தியாலம் போதும் என்றுதான் மகள் சொல்லியிருந்தாள். அது ஆருக்கு வேணும்! கண்ணை மூடினால் சாய்ந்தமருதுக் கடற்கரை வீதி வரும். தோணிகள் கரை ஏறுகிற சத்தம் வரும். மீன்காரனிடம் பாரைக் குட்டிக்கு விலை பேசிவிட்டு, வாங்காமலே வருகிற ஜெமீல் வருவார். “என்ன இண்டைக்கு நடை குறையுது?” என்பார். அவள் கொஞ்சம் எட்டி வைப்பாள். “மெதுவா, மெதுவா, கடல் எங்கயும் ஓடிறாது” என்பார். இரண்டு மாதமாக அவர் குரலை வேறெங்கும் அவளால் பிடிக்க முடியவில்லை. குர்ஆன் ஓதும்போதும் வரவில்லை, படுக்கையிலும் வரவில்லை. இந்த மெசினின் மேல் மட்டும் வந்தது.

யன்னல் கம்பிக்குள்ளால் வெயில் விழும்வரை நடந்தாள்.

“உம்மா, இறங்குங்க. விரலத் தாங்க பாப்பம்.”

அப்னா படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போக உடுத்துக்கொண்டு, சீனி பார்க்கிற சின்ன மெசினோடு நின்றாள். வாப்பா போனதிலிருந்து அவள் ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்குத் தாவிக்கொண்டே இருந்தாள். நின்றால் அழுதுவிடுவோம் என்ற பயம். உம்மாவின் சீனி ஒன்றுதான் தன் கையால் அடக்கக்கூடிய விசயம் என்று நினைத்தாளோ என்னவோ, காலை மாலை விரலில் ஊசி குத்தாமல் விடமாட்டாள்.

இரத்தம் தொட்டு இலக்கம் வந்தது. அப்னாவின் முகம் விழுந்துவிட்டது.

“எப்பிடி உம்மா இப்பிடி ஏறுது? மெசின் வாறத்துக்கு முந்திக்கூட இவ்வளவு இரிக்கல்லயே. ஒவ்வொரு நாளும் நடக்கிறீங்க. குளிசையும் ஒழுங்கா நான் எடுத்துத் தாறன்.”

“அல்லாஹ் போதுமானவன் மகள்.”

“போதுமானவன்தான். மாமி கொண்டுவாற தொதல்தான் கூடிப்போச்சு.” அப்னா உம்மாவின் கையை விடாமல் பிடித்திருந்தாள். “கை சுடுது உம்மா.”

“மெசின்ல நடந்திட்டு இறங்கினா சுடாமக் குளிருமா? உனக்கு நேரம் போகுது, போ.”

அப்னா வாசல் வரை போய்த் திரும்பினாள். “நாளையிலருந்து ஸ்பீடக் கொஞ்சம் கூட்டுவம். காணாது போல.”

மர்ஷூதா சிரித்தாள். மகள் போனதும் கட்டிலில் சாய்ந்து போர்வையை இழுத்துக்கொண்டாள். பங்குனி வெயிலில் அவளுக்குக் குளிர் நடுங்கியது.

மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அந்த மாமி, சல்மா உம்மா, வருவார். வராத நாளே இல்லை. ஜெமீலின் ராத்தா, மர்ஷூதாவுக்கு மதினி. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அறை வாசலுக்கு வந்ததும் ஒரு பாட்டம் அழுவார். அழுகை முடிந்ததும் கொண்டுவந்த சட்டியைத் திறப்பார். துக்க வீட்டில் வாய் கசக்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை. அதன்பிறகு மெசினைப் பார்த்து முகத்தைச் சுளித்து, அதன்மேல் ஒரு படுக்கை விரிப்பை இழுத்து மூடுவார்.

அன்று அவர் மூடிக்கொண்டிருக்கும்போதே அப்னா பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள். கட்டிலில் தொதல் தட்டு இருந்தது.

“மாமி, உம்மாக்கு இனிப்புக் குடுக்காதீங்க எண்டு எத்தின தரம் சொல்ற?”

“ஒரு துண்டுத் தொதல்ல என்ன வரப்போகுது? நீ வாங்கி வெச்சிரிக்கிற சாமானத்தாலதான் ஊர் சிரிக்கிது. புருசன் மௌத்தாகி மண் காயல்ல, அறைக்குள்ள ஓடித் திரியிறாவாம் எண்டு கதைக்கிறாளுகள்.”

“ஆரு கதைக்கிற? பேரச் சொல்லுங்க.”

“பேரென்ன பேரு? சுபஹுக்குப் பள்ளிக்குப் போற ஆம்புளையளுக்கே கேக்குதாம், கரகர எண்டு. இத்தா எண்டா ஒரு அடக்கம் வேணாமா?”

“அப்ப அடக்கமா இரிந்து உம்மாவும் மௌத்தாகட்டுமா?”

சொன்ன பிறகுதான் அப்னாவுக்கு அந்தச் சொல் உறைத்தது. சல்மா உம்மா வாயைப் பொத்திக்கொண்டார். 

“ரெண்டு பேரும் நிப்பாட்டுங்க” என்றாள் மர்ஷூதா. “எண்ட தலமாட்டுல நிண்டா சண்ட பிடிக்கிற?”

சல்மா உம்மாவுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. கை வேலைதான் தெரியும். கட்டிலின் கால்மாட்டில் குந்திக்கொண்டு, “இஞ்ச நீட்டு புள்ள, கால அமத்தி உடுறன்” என்று போர்வைக்குள் கையை விட்டார்.

“வேணாம் மதினி.”

“என்ன வேணாம்? ஒரேயா இரிந்து கால் மரக்கட்டையாப் போயிரிக்கும்.”

“வேணாம் எண்டு சொல்றன்.” மர்ஷூதா காலை இழுத்தாள். சல்மா உம்மா விடவில்லை. போர்வை விலகியது. டெட்டோல் மணம் வந்தது. அதன் அடியிலிருந்து இன்னொரு மணமும் வந்தது. இத்தாவில் அத்தர் பூச ஏலாது, வாசனைப் புகை போட ஏலாது. அந்த மணத்தை மறைக்க மர்ஷூதாவிடம் ஒன்றும் இருக்கவில்லை.

சல்மா உம்மா துணியை அவிழ்த்தார். அவிழ்த்துப் பார்த்துவிட்டு, “யா அல்லாஹ்” என்றார்.

அப்னா கிட்ட வந்தாள். பார்த்தாள். அவள் தோளில் கிடந்த பை நிலத்தில் விழுந்தது.

“இது எப்ப உம்மா?”

“நேத்து.”

“நேத்தையப் புண் இப்பிடி மணக்காது” என்றார் சல்மா உம்மா.

அப்னா வெளியே ஓடி றிஸ்வானைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். கல்முனையில் கடையில் நின்றவன், போட்டது போட்டபடி வந்து சேர்ந்தான். ஓட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு விறாந்தையில் நின்றான். உள்ளே மர்ஷூதா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

“நான் வரல்ல. இத்தா முடியட்டும். மறுகா எங்க வேணுமெண்டாலும் கூட்டிட்டுப் போங்க.”

“அதுக்குள்ள கால் போயிரும் உம்மா!”

“போனாப் போகட்டும். அவருக்கு நான் இதையாவது செய்யணும் மகள். ஒண்டையாவது ஒழுங்காச் செய்யணும்.”

அப்னா மாமியைத் திரும்பிப் பார்த்தாள். மெசின் சத்தத்துக்கே ஊர் சிரிக்கிது என்று நின்ற பெண், இப்போது என்ன சொல்லப்போகிறாரோ என்ற பயம் அவள் முகத்தில் எழுதியிருந்தது.

சல்மா உம்மா எழும்பினார். அலுமாரியைத் திறந்து, மர்ஷூதா வெளியே போக உடுக்கிற அபாயாவை எடுத்தார்.

“அவன் எண்ட தம்பி. உன்ன விட எனக்கு அவன முந்தியே தெரியும்” என்றார். “உனக்கு ஒரு தலயிடி எண்டா கடையப் பூட்டிட்டு வாறவன். இப்பிடி ஒரு காலோட நீ அவனுக்காக இரிக்கிறாய் எண்டு கேட்டா, அவன் கப்றுக்குள்ள நிம்மதியாக் கிடப்பானா? எழும்பு. அவன்ர பேரால நான் சொல்றன், எழும்பு.”

விறாந்தையில் றிஸ்வான் பள்ளிவாசல் மௌலவிக்குக் கோல் எடுத்துக் கேட்டான். மௌலவி மறுமுனையில் கோபப்பட்டார். “இதெல்லாம் கேட்டுக்கொண்டு நிக்கிற விசயமா? மருந்துக்குப் போறதுக்கு எங்க தடை இரிக்கி? கெதியாக் கொண்டு போங்க.” ஒரு கிழமையாக ஒரு பெண் தன்னந்தனியாக அறைக்குள் வைத்துச் சுமந்த பயத்தை அவர் ஒரு மூச்சில் தீர்த்துவிட்டார். முதலிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் அதைக் கேட்பதற்குக் காலைக் காட்ட வேண்டியிருந்ததே.

சல்மா உம்மா அபாயாவின் கையைப் பிடித்துக் கொடுக்க, மர்ஷூதா சின்னப் பிள்ளைபோல உடுத்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது அழுகை வரவில்லை. தோற்றுப்போன களைப்புத்தான் வந்தது.

மூன்று பெண்களையும் ஏற்றி, ஓட்டோவின் பக்கத் திரைகளை இறக்கிவிட்டு றிஸ்வான் ஓட்டினான். திரை ஆடும்போதெல்லாம் வீதி தெரிந்தது. துணிக்கடையில் ஆட்கள் பேரம் பேசினார்கள். பஸ் கொண்டக்டர் அக்கரைப்பற்று, அக்கரைப்பற்று என்று கத்தினான். ஜெமீல் இல்லாமலும் எல்லாம் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அது மர்ஷூதாவுக்குச் சரியான கோபத்தைத் தந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் உசாந்தினி இருந்தது நல்லதாகப் போயிற்று. மர்ஷூதாவின் சீனியைப் பல வருசமாகப் பார்க்கிறவர். கல்முனைத் தமிழ்ப் பிள்ளை. நோயாளிகளை ஏசுவதிலும் மருந்து இருக்கிறது என்று நம்புகிறவர்.

“மர்ஷூதாம்மா, மகளை அனுப்பிக் குளிசை மட்டும் எடுத்தாப் போதுமா? உங்கட காலை நான் எப்பிடிப் பாக்கிறது?” என்று தொடங்கியவர், துணியை அவிழ்த்ததும் ஏச்சை நிறுத்திவிட்டார். அது மர்ஷூதாவுக்கு ஏச்சை விடப் பயமாக இருந்தது.

“ஒரு ஊசி முனையால தொடுறன். தெரிஞ்சாச் சொல்லுங்கோ.”

“ஓம்.”

“இஞ்ச?”

மர்ஷூதா ஊசி தொடுவதற்காகக் காத்திருந்தாள்.

“இஞ்ச?”

“தொட்டிட்டீங்களா டொக்டர்?”

டொக்டர் அப்னாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, இன்னும் மேலே போனார். கணுக்கால் கிட்ட வந்த பிறகுதான் மர்ஷூதா “ஓம், இப்ப தெரியிது” என்றாள்.

“எதுல நடந்து வந்தது இந்தப் புண்?”

“நடக்கிற மெசின்ல” என்றாள் அப்னா.

“சப்பாத்து?”

“வீட்டுக்குள்ளதானே டொக்டர்” என்றாள் மர்ஷூதா. “தொழுகிற அறை. அதுக்குள்ள எப்பிடிச் சப்பாத்தோட?”

டொக்டர் உசாந்தினி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஓம், எங்கட வீட்டுலயும் வெறுங்கால்தான்” என்றார், குரலைத் தணித்து. “ஆனா அந்த ரப்பர் வார் ஓட ஓடச் சூடேறும். கால் நல்லா உள்ள ஆள் உரஞ்சின உடனே இறங்கிடும். உங்களுக்கு அது தெரியாதே அம்மா. தோல் கிழிஞ்சாலும் தெரியாது.” பிறகு அப்னாவின் பக்கம் திரும்பினார். “நான் உங்களிட்டச் சொல்லி அனுப்பினன், என்ன? கதிரையில இருந்து செய்யிறது. செய்துகூடக் காட்டினன்.”

அப்னா தலையைக் குனிந்தாள்.

டொக்டர் தன் கதிரையில் நிமிர்ந்து இருந்து ஒரு காலை நேரே நீட்டி உயர்த்தினார். கொஞ்சம் வைத்திருந்து மெல்ல இறக்கினார். மற்றக் காலையும் அப்படியே. மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து, தோளுக்கு மேலே தூக்கி இறக்கினார். “இதுதான் மர்ஷூதாம்மாவுக்கு உரிய பயிற்சி. பாதத்துல பாரம் விழாது. தசைக்கு வேலை இருக்கும், சீனியும் இறங்கும். அறைக்குள்ள இருந்தே செய்யலாம், சத்தமும் இல்லை. நடக்கிறது நல்லதுதான், எல்லாக் காலுக்கும் இல்லை.”

“டொக்டர் சொன்னவ உம்மா” என்றாள் அப்னா. குரல் உடைந்துவிட்டது. “சொன்னவதான். கதிரையில குந்திக் கால ஆட்டுறதெல்லாம் ஒரு எக்ஸசைஸா எண்டு நினைச்சன். நடந்தாத்தான் நல்லம், வாப்பாவும் நடக்கத்தானே கூட்டிட்டுப் போனார் எண்டு... நான்தான் உம்மா. நான்தான் உங்கட காலக் கெடுத்தது.”

மகள் இப்படி அழுது மர்ஷூதா பார்த்ததில்லை. வாப்பாவின் ஜனாஸாவை அடக்கிய அன்றுகூட அவள் வந்தவர்களுக்குப் பாய் விரித்துக்கொண்டு திரிந்தாள்.

இனி மறைக்க மர்ஷூதாவுக்கு மனம் வரவில்லை.

“இஞ்ச வா. கேளு” என்றாள். “நீ கால் மணித்தியாலம் எண்டுதான் சொன்னாய். நான் வெயில் ஏறுமட்டும் நடந்தன். ஒவ்வொரு நாளும்.”

“ஏன் உம்மா?”

“கண்ண மூடினா வாப்பா பக்கத்துல வந்தார்.”

சல்மா உம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“புண்ணக் கண்டதும் நேத்து இல்ல. போன வெள்ளிக்கிழம. காட்டினா மெசினக் கழட்டி எடுத்திருவீங்க. ஆஸ்பத்திரிக்கும் கொண்டு வருவீங்க. இத்தாவும் போகும், அவரும் போவார். அதுதான் சொல்லல்ல. நீ ஒண்டும் கெடுக்கல்ல மகள்.”

அப்னா உம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தாள். டொக்டர் புண்ணைத் துணியால் மூடிவிட்டுப் பேசினார்.

கிருமி மேலே ஏறியிருக்கிறது, காய்ச்சல் அதனால்தான் என்றார். இப்போதே வார்ட்டில் சேர்க்க வேண்டும். காலையில் சத்திரசிகிச்சை டொக்டர் பார்ப்பார். அந்த விரலை வைத்திருக்க ஏலாது. “விரலோட முடிஞ்சா நல்லம் அம்மா. அதுக்கு மேல போகாம இருக்கத்தான் இண்டைக்கே மருந்து ஏத்தப்போறம்.”

மர்ஷூதா தலையாட்டினாள். “இரவைக்கு நான் வீட்ட இரிக்கணும் டொக்டர். இத்தாவுல இரவு வீட்டுலதான்...” என்று இழுத்தாள்.

“இரவைக்கு நீ உசிரோட இரிக்கணும்” என்றார் சல்மா உம்மா, சுவர்ப்பக்கம் பார்த்தபடியே. “அல்லாஹ்வுக்குத் தெரியாத வார்ட்டா இது? நான் பக்கத்துல இரிக்கன்.”

அதற்கும் தலையாட்டினாள். விரலைக் கொடுக்கச் சம்மதித்தாள். வீட்டை விட்டு இரவு தங்கவும் சம்மதித்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்து எழும்பப் போனாள்.

“இன்னொண்டு அம்மா. இப்பவே சொல்லிப்போடுறன்” என்றார் டொக்டர். “புண் ஆறினாலும் முந்தி மாதிரி நீட்டுக்கு நடக்க இந்தக் கால் தாங்காது. மெசினும் வேணாம், கடற்கரையும் வேணாம். வீட்டுக்குள்ள பாதுகாப்பான செருப்போட தேவைக்கு நடந்தாப் போதும். இனி உங்களுக்குக் கதிரைதான்.”

மர்ஷூதா அழத் தொடங்கினாள்.

ஜனாஸாவைத் தூக்கும்போது அவள் அப்படி அழவில்லை. அன்று கூடத்தில் பெண்கள் சுற்றிப் பிடித்திருந்தார்கள், பொறுத்துக்கொள், சபூர் செய் என்றார்கள், அவளும் செய்தாள். இப்போது வாயைத் திறந்து, சத்தம் வைத்து, ஆர் நிற்கிறார்கள் என்ற கவனமில்லாமல் அழுதாள். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “பயப்படாதீங்கோ, விறைக்க வைச்சுத்தான் செய்வினம், நோகாது” என்று டொக்டர் முதுகைத் தடவினார். விரலுக்காக அழுகிறாள் என்று அவர் நினைத்தார்.

அப்னாவுக்குத் தெரிந்திருந்தது. வாப்பா இப்போதுதான் உம்மாவை விட்டுப் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் உம்மாவை நிறுத்தச் சொல்லவில்லை. அழுது முடியும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.

பொழுது சாய, மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னதாக வார்ட்டில் கட்டில் கிடைத்தது. கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பெண்கள் வார்ட் என்பதால் ஆண்களை வெளியே போகச் சொல்லி மணி அடித்தார்கள். மாற்று உடுப்பும் போர்வையும் கொண்டுவந்து வைத்த றிஸ்வான், போய்வாறன் என்று சொல்லித் திரும்பினான்.

“மருமகன்” என்று மர்ஷூதா கூப்பிட்டாள்.

அவன் நின்றான். இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருசத்தில், அவள் தானாக அவனைக் கூப்பிட்டு ஒரு காரியம் கேட்டதில்லை. சோறு வைத்தேன், தேத்தண்ணி வைத்தேன் என்பதைக்கூட மகளிடம் சொல்லித்தான் அனுப்புவாள்.

“என்ன மாமி?”

“காலையில வெட்டி எடுக்கிறத அவங்க எறிய உட்டிராதீங்க.”

“இல்ல மாமி. நம்மட ஆக்கள் எண்டா கேட்டுத் தருவாங்க. நான் வாங்கி மையவாடியில அடக்கிறன். நீங்க அதப் பத்தி யோசிக்காதீங்க.”

“அவர நீங்கதானே குழிக்குள்ள இறங்கி வெச்ச?”

“ஓம் மாமி.”

நம்மூரில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. ஜெமீலை எந்த மூலையில் வைத்தார்கள், சுவர் ஓரமா, மரத்தடியா, பக்கத்தில் ஆர் கிடக்கிறார்கள் என்று ஒன்றும் மர்ஷூதாவுக்குத் தெரியாது. இந்த இரண்டு மாதமும் அவள் அதைக் கேட்கவில்லை. கேட்டால் தாங்கமாட்டோம் என்று கேட்கவில்லை.

“அவருக்குப் பக்கத்துல இடம் இரிக்கா?”

றிஸ்வான் கட்டிலுக்குக் கிட்ட வந்தான். “இரிக்கி மாமி” என்றான்.

“அப்ப அதுல வெய்ங்க” என்றாள் மர்ஷூதா. “எவ்வளவ எடுத்தாலும், அதுல வெய்ங்க.”